விடுதிக்காரர்களே, அந்தச் சின்னப் பைக்கற்றைக் கொஞ்சம் தள்ளி வைப்போமா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி, டச்சு விரிகுடாப் பக்கம் விடுதியும் சாப்பாட்டுக்கடையும் கோப்பிக்கடையும் நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். உப்புவெளியில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறவள் எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. அதனால்தான் கோப்பியைப் பற்றி இந்தக் கடிதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சீசனில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி என் விடுதியில் தங்கியிருந்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா, இது எந்த ஊர்க் கோப்பி என்று கேட்டார். இலங்கைக் கோப்பிதான் என்று கூசாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த, சுடுதண்ணீரில் கரைக்கிற சின்னக் கோப்பிப் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் எங்கோ ஒரு நாட்டின் பெயர் பொடி எழுத்தில் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு முட்டையை உரிக்கத் தொடங்கினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்கள் மேசையிலும் அதே பைக்கற்றுத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மீன் கொட்டியாரக் குடாவிலிருந்து வந்தது, தயிர் கிண்ணியாவிலிருந்து வந்தது, நண்டு இன்று காலை பிடித்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற நாங்கள், கோப்பி என்று வந்ததும் சுடுதண்ணீரையும் பைக்கற்றையும் வைத்துவிட்டு நழுவிவிடுகிறோம். கோப்பி தெரியாத சனமா நாங்கள்? என் அம்மம்மா வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, போத்தலில் அடைத்து வைப்பா. செத்த வீட்டில் இரவு முழுக்க முழித்திருக்கும் ஆக்களுக்கு அந்தக் கோப்பிதான் சுற்றி வரும். சின்ன வயதில் கோப்பி வாசம் என்றாலே எனக்கு யாரோ செத்துப்போன நினைப்பு வரும். வியாபாரத்துக்கு உதவாத கதைதான், சொல்லத் தோன்றியது.

மார்கழியில் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது, அறைகள் பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொத்மலைப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனேன். அம்மாவின் ஆக்கள் மலைநாட்டுக்காரர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தில் ஒரு பாதி திருகோணமலைக்கு இறங்கியது, மற்றப் பாதி அங்கேயே நின்றுவிட்டது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போகிற அந்த பஸ்ஸில் உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். தம்புள்ளை தாண்டியதும் அம்மா யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வழியாகத்தான் அந்தக் காலத்து ஆக்கள் நடந்தே போனவை என்றா.

தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. மன்னாரில் தோணியால் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று காட்டு வழியே நடந்தார்கள். பேதி, காய்ச்சல், பட்டினி. வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். கோப்பி பருவ வேலை. பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்து, முடிந்ததும் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடலாம். தேயிலை வருடம் முழுக்கக் கொழுந்து விடுவது. அது வந்த பிறகுதான் சனம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிரந்தரமாகத் தங்க வேண்டி வந்தது. எங்கள் குடும்பம் மலையில் குடியேறிய கதையே ஒரு கோப்பிச் செடி செத்த கதைதான்.

அந்தச் செடி செத்தது எப்படி என்பதை ஒரு சிங்களக் கிழவி எனக்கு ஒரு இலையில் காட்டினார்.

சித்தியின் லயத்துக்குக் கீழே ஒரு கிராமம். அங்கே வீட்டுத் தோட்டங்களில் கோப்பி இருக்கிறது. சித்தியின் மகன் சனி ஞாயிறுகளில் அங்கே பழம் பறிக்கப் போவான், நானும் தொத்திக்கொண்டு போனேன். தோட்டம் என்றால் வரிசை வரிசையாக நிற்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் காடு மாதிரி இருந்தது. மேலே பலா, ஆனைக்கொய்யா, கராம்பு. நடுவில் கிளிரிசீடியா, அதில் ஏறிய மிளகுக் கொடி. அதற்கும் கீழே, என் தலை உயரத்தில், கோப்பி. நிலம் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு சருகு. கூட்டிப் பெருக்கவில்லையா என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுவிட்டேன். அந்தத் தோட்டத்துச் சிங்கள அம்மே சிரித்து, துவே (மகளே), இதைக் கூட்டினால் நான் பசளைக்கடைக்குப் போக வேண்டும் என்றார்.

பிறகு ஒரு இலையைப் பறித்துப் புரட்டினார். அடியில் செம்மஞ்சள் பொடி. விரலால் தொட்டால் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டியது. இலைத்துரு. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று 1869 இல் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சணம், அந்தப் பெயருக்கான மாதிரி இந்தத் தீவிலிருந்து போனது. அப்போது உலகத்தின் பெரிய கோப்பி நாடுகளில் இலங்கையும் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் மலையின் அடியிலிருந்து உச்சிவரை காட்டை வெட்டிச் சாய்த்து ஒரே செடியை நட்டிருந்தார்கள். துருவின் வித்திகள் காற்றில் பறப்பவை. நடுவில் மறிக்க ஒரு மரம் இல்லை. 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இங்கே வந்து இரண்டு வருடம் அதைத்தான் படித்தார். காற்று கொண்டுபோகிறது, இடைவெளியில்லாத ஒற்றைப் பயிர் அதற்குத் தீனி போடுகிறது என்று அவர் விளக்கியபோது காலம் கடந்துவிட்டது. 1867 இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை, கோப்பி நின்ற மலைகளைப் பிடித்துக்கொண்டது.

நான் புரட்டிப் பார்த்த அந்த மரத்தில் துரு இருந்தது. பக்கத்து மரத்தில் இல்லை. அதற்கடுத்த மரம் திமோர் கலப்பு வழியில் வந்த, துருவைத் தாங்குகிற இனம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கன்று கொடுக்கிறதாம். நடுவில் பலாவும் மிளகும் நிற்கும்போது நோய் நினைத்த வேகத்தில் ஓட முடியாது. ஆனால் நிழல் என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. நிழல் மிஞ்சினால் இலையில் ஈரம் காயாது, துருவுக்கு அதுதான் வேண்டும். குறைந்தால் வெயில் செடியை வாட்டும், ஒரு வருடம் கொத்தாகக் காய்த்து மறு வருடம் களைத்துப்போகும். அதனால் கிளிரிசீடியாவை அவ்வப்போது வெட்டிவிடுகிறார்கள், வெட்டிய இலை அப்படியே அடிக்குப் பசளை. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற மரம் அது. பழத்தின் தோலும் மாட்டுச் சாணமும் அதே இலையும் சேர்ந்து ஒரு மூலையில் குவியலாக ஆவி பறந்துகொண்டிருந்தது. சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கியிருந்தார்கள், அதன் மேற்பக்கம் கான், அதாவது சின்ன வாய்க்கால். மழை வந்தால் தண்ணீர் அந்தக் கானில் நின்று நிதானித்துத்தான் இறங்கும்.

இன்னொன்று. தோட்டத்தில் சிவப்பு மை பூசிய பிளாஸ்ரிக் போத்தல்கள் தொங்கின. கண்ணூறு கழிக்க என்று நினைத்தேன்! காய் துளைக்கிற வண்டுக்குப் பொறியாம். உள்ளே ஸ்பிரிட் வாசம், வண்டு வந்து விழும். பறிப்பு முடிந்ததும் மரத்தில் மிஞ்சிய காயையும் கீழே விழுந்ததையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு அதற்குள் குடியிருந்து அடுத்த போகத்துக்கு வரும். மருந்து அடிப்பதைவிட இடுப்பொடிகிற வேலை. இதையெல்லாம் இயற்கை விவசாயம் என்று ஒரு சொல்லில் அடக்கி, இலைப் படம் போட்டு விற்பது எங்களுக்குச் சுகம். அந்தச் சொல்லுக்குள்ளே குனிந்து நிற்பது அவர்களுடைய முதுகு.

அந்தச் சொல் எங்கள் மாவட்டத்திலேயே கசந்துபோன சொல் என்பதும் தெரியும். 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயல்காரர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். அந்தக் கார்த்திகையில் தடையை எடுத்தபோது பெரும்போக விதைப்புக்கு அது பிந்திவிட்டது. அதனால் சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், என்ற பேச்சைக் கேட்டாலே எங்கள் ஆக்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நியாயம். ஆனால் கொத்மலையில் நான் பார்த்தது அரசாங்க வர்த்தமானியில் வந்த சேதனம் அல்ல. பலாவையும் கிளிரிசீடியாவையும் வளர்த்து எடுக்கவே பத்து, இருபது வருடம் பிடித்திருக்கிறது. அந்த அம்மே தேவைப்பட்டால் கொஞ்சம் இரசாயன உரமும் போடுவேன் என்று மறைக்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது அந்த இடத்தில்தான்.

சரி, பறிப்புக்கு வருகிறேன், எங்கள் பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். பழுத்ததை மட்டும் பறித்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே மரத்துக்குத் திரும்ப வர வேண்டும், பிறகு இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை. கிளையைப் பிடித்து ஒரே உருவலாக உருவிவிட்டால் அரை மணி நேரத்தில் முடியும். ஊருக்கு வருகிற வியாபாரி எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான் கொடுக்கிறார். அப்படியிருக்க யார் நாலு முறை மலை ஏறுவார்? உருவிய காயைத் தோலோடு தரையில் பரப்பிக் காயவிடுகிறார்கள். பச்சைக்காய் கலந்ததால் துவர்க்கிறது, தரையில் காய்ந்ததால் மண் மணக்கிறது. அதைக் குடித்துவிட்டு இலங்கைக் கோப்பி சரியில்லை என்று நாங்கள் பைக்கற்றுக்குப் போகிறோம்.

கிராமத்துக் கோப்பி எல்லாம் அமிர்தம் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். அதே ஊரில் இன்னொரு வீட்டில் குடித்தேன். தாச்சியில் கரி பிடிக்க வறுத்தது, ஒரு மிடறோடு வைத்துவிட்டேன். ஆனால் அந்த அம்மே வீட்டில் சிவப்புப் பழத்தை மட்டும் எடுத்து, தண்ணீர் வாளியில் கொட்டி, மிதக்கிற சொத்தையைக் கழித்து, தோலைக் கையால் சுற்றுகிற இயந்திரத்தில் நீக்கி, ஒரு நாள் புளிக்கவிட்டுக் கழுவி, இடுப்பளவு உயரத்தில் கட்டிய வலைப் பந்தலில் பரப்பியிருந்தார்கள். காற்று மேலும் கீழுமாக ஓடும். வெயில் ஏறினால் மூடி, இறங்கினால் திறந்து, கையால் கிளறிக் கிளறி, ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டளவுக்கு வரும்வரை. கழுவிய தண்ணீர் புளித்த தண்ணீர், அதை ஓடையில் விட்டால் மீன் சாகும். தனிக் குழி வெட்டி அதில் விடுகிறார்கள். சில பகுதியைக் கழுவாமல், பழத்தின் பசையோடேயே காயவிடுவதும் உண்டு. தண்ணீர் மிச்சம், கோப்பியும் இனிக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், விடுதிக்காரருக்குக் கணக்குத்தானே விளங்கும். ஐந்து ஆறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். மிச்சத்தில் 70 கோப்பை கோப்பி ஊற்றலாம். ஒரு கோப்பைக்கு நாற்பது, ஐம்பது பழம். ஒவ்வொன்றும் ஒருவர் பார்த்துப் பறித்தது.

மலையில் இன்னொன்றையும் பார்த்தேன், அது மனதைவிட்டுப் போகவில்லை. சித்தியின் மகனுக்குக் கோப்பி வேலை அந்தக் கிராமத்து ஆக்களைவிட நன்றாகத் தெரியும். கவ்வாத்து வெட்டுவது (கிளை கழிப்பது), கான் இழுப்பது, தவறணை போடுவது எல்லாம் கைப்பழக்கம். (தவறணை என்றதும் எங்களுக்குக் கள்ளுக்கடைதான் ஞாபகம் வரும். மலையில் அது கன்று வளர்க்கும் மேடை. அவன் தவறணையில் வேலை என்று சொன்னதும் அம்மா ஒரு நொடி திடுக்கிட்டுப் போனா.) ஆனால் கோப்பித் தோட்டம் வைக்கக் காணி வேண்டுமே. வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது 7 பேர்ச்சஸ் காணித் துண்டு. வீடு போக மிஞ்சிய விளிம்பில் பன்னிரண்டு கன்று நட்டிருக்கிறான். அக்கா, எங்களுக்கும் தோட்டம் இருக்கு என்று பகிடியாகத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. கோப்பிக்காக நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு செடி. குடும்ப விவசாயி, குடும்பத் தோட்டம் என்று அழகாகப் பேசும்போது யாருக்குக் காணி இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதை நாங்கள் கோப்பி வாங்கித் தீர்த்துவிட முடியாதுதான். ஆனால் வாங்கும்போது பறிக்கிறவருக்கு என்ன கூலி என்று கேட்கலாம். அவனுடைய பன்னிரண்டு செடிப் பழத்தையும் அதே விலைக்கு அந்த வலைப் பந்தலில் சேர்ப்பீர்களா என்று கேட்கலாம். நான் கேட்டேன். சேர்க்கிறார்கள்.

மலைநாட்டுக் கோப்பிக்கும் எங்களுக்கும் என்ன என்பீர்கள். அரபிக்காக் கோப்பி உயரமான குளிர்மலையில்தான் செழிக்கும், எங்கள் மணலில் வளராது, உண்மை. ஆனால் மகாவலி எங்கே முடிகிறது? 335 கிலோமீற்றர் ஓடி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில். கொத்மலை ஓயாவின் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, பொல்கொல்லையில் ஒரு பங்கு அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்பட்டு, எலஹெர, மின்னேரியா வழியாகக் கந்தளாய்க் குளம்வரை வருகிறது. நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்த் தண்ணீர். ஆக, விருந்தினரின் கோப்பிக்கு நாங்கள் கொதிக்கவைக்கிற தண்ணீரிலும் ஒரு பங்கு அந்தச் சரிவுகளில் இறங்கியதாக இருக்கலாம். சரிவில் சருகு மூடியிருந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பைய வரும், வெறுமையாகக் கிடந்தால் மண்ணையும் மருந்தையும் வாரிக்கொண்டு வரும். நடுவில் விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் இருப்பதால் மண்ணில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடும் என்று என் மகன் திருத்தினான். சரி, அணை மண்ணால் நிரம்பினால் மட்டும் யாருக்கு நட்டம் என்று கேட்டேன், பதில் சொல்லாமல் போனான்.

இனி நான் கேட்பது. பைக்கற்றை நாளைக்கே குப்பையில் போடச் சொல்லவில்லை. அதைக் கேட்கிற விருந்தினரும் இருக்கிறார், அறையில் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். காலைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் இந்த நாட்டுக் கோப்பி, யார் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லக்கூடிய கோப்பி வையுங்கள். எங்கள் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிகிறது. அங்கே பறிப்பு நான் போன மார்கழியில் மும்முரமாக நடந்தது. அவர்கள் காயவைத்து, உமி நீக்கி, மூடை கட்டும்போது நாங்கள் அறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்போம். இதைவிடப் பொருத்தமாக நாள்காட்டி அமையாது.

வறுத்த தூளாக மொத்தமாக வாங்காதீர்கள். எங்கள் கடற்காற்றில் இரண்டு கிழமையில் வாசம் போய்விடும். கொட்டையாக, கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து எடுப்பித்து, காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, அன்றன்றைக்கு அரையுங்கள். இயந்திரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, துணி வடியும் ஒரு கேத்தலும் போதும்.

காசை உடனே கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பெரிய ஹோட்டல், இடமில்லாமல் என்னிடம் அனுப்பிய ஆக்களுக்கான காசை மூன்று மாதம் இழுத்தடித்தது. நாலு அறைக்காரியான எனக்கே மின்சாரக் கட்டணம் கட்ட முடியாமல் போனது. பழம் பறித்தவளுக்கு அன்று பின்னேரம் கூலி கொடுக்க வேண்டிய குடும்பம் எங்கள் காசோலை மாறும்வரை காத்திருக்காது, உருவிய காயை ஒரே விலைக்காரரிடம் போட்டுவிட்டுப் போய்விடும்.

பழுத்த பழத்துக்குக் கூடின விலை என்று முன்கூட்டியே பேசுங்கள். சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள். அரை ஏக்கர்க்காரர் தனியாகச் சான்றிதழ் எடுக்கிற செலவு அவருடைய கோப்பி வருமானத்தையே தின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சருகு கிடக்கிறதா, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, பழம் எங்கே காய்கிறது, மூன்றைப் பார்த்தால் போதும்.

போகும்போது உங்கள் சமையல்காரரையும் கோப்பி ஊற்றுகிற பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். மேசைக்கு முன்னால் நின்று கதை சொல்லப்போவது அவர்கள்தான். ஆனால் விருந்தினர் கூட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடாதீர்கள். நான் இருந்த அன்றைக்கே ஒரு குழு வந்தது. கூடையை வாங்கிப் படம் எடுத்தார்கள், பத்து நிமிடம் பச்சைக்காயும் சேர்த்துப் பறித்தார்கள், கோப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் பறித்ததை அந்த அம்மே பிறகு குந்தியிருந்து தனித்தனியாகப் பொறுக்கினார். நாலு பேர், முன்கூட்டியே சொல்லி, பேசிய காசு கொடுத்து, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அது பயணம்.

தை பிறந்ததும் முதல் மூடை கேட்டிருக்கிறேன். என் விடுதிக்கு ஒரு சீசனுக்கு 20 கிலோ கொட்டை தாராளம். இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் தம்புள்ளை மரக்கறி லொறியில் கூலியைப் பங்கு போட்டு இறக்கலாம், லொறிக்காரருடன் கதைத்துவிட்டேன். வறுப்பதற்கு நகரத்தில் மல்லி வறுக்கிற ஒரு அண்ணை ஒத்துக்கொண்டிருக்கிறார், கரிய விடாமல் வறுக்கப் பழக இரண்டு கிலோவை நாசமாக்கத் தருவீர்களா என்று கேட்டார், தருகிறேன் என்றேன்.

கொண்டுவந்த ஒரு கிலோவில் கால்வாசி இன்னும் டப்பாவில் இருக்கிறது. முடிவதற்குள் ஒரு காலை இந்தப் பக்கம் வாருங்கள், ஊற்றித் தருகிறேன். முதல் மிடறைச் சீனி போடாமல் குடியுங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
உப்புவெளி நாலு அறை விடுதிக்காரி